காரில் கேட்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது: எப்போது கேட்கிறது என்பதை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

மெக்கானிக்கிடம் போய் "முன்னாடி டக்கு டக்குன்னு சத்தம் வருதுண்ணே" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், இன்ஜின் மவுன்ட், ஆக்சில், கழன்ற வீல் நட்டு, இத்தனையும் டக்கென்றுதான் சத்தம் போடும். நேரமில்லாத மெக்கானிக் "ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்துடலாம்" என்பார். லிங்க் ராடு மாற்றினால் தீர்ந்திருக்கும் சத்தத்துக்கு இரண்டு ஷாக் அப்சர்பரை மாற்றி, அப்புறமும் அதே சத்தத்தோடு வீட்டுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். நிறைய வீண் செலவு இப்படித்தான் ஆகிறது. அதைத் தடுக்க முடியும்.

அதே சத்தத்தை, "ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது, 20 கி.மீ. வேகத்துக்குள், இடது பக்கம்" என்று சொல்லிப் பாருங்கள். சந்தேகப் பட்டியல் ஒன்றிரண்டுக்கு வந்துவிடும். சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சொல்வார்கள். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதில் குழப்பமே இருக்காது. அதனால் கீழே எல்லாவற்றையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

உடனே ஓரங்கட்ட வேண்டியவை

மீதியைப் படிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இவற்றில் எது வந்தாலும் "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று நினைக்கக் கூடாது.

இன்ஜின் அடியிலிருந்து ஆழமாக டொக் டொக் என்று அடித்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகமாகிற சத்தம். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கலாம். அதோடு ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த நொடியே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடும் சில நிமிடங்களே ஒரு இன்ஜினை முடித்துவிடும். டோ வண்டிக் கூலி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

டயர் மாற்றிய பிறகோ பஞ்சர் போட்ட பிறகோ சக்கரத்துக்குப் பக்கத்தில் லொடக் லொடக் என்று அடித்து, ஸ்டீயரிங்கும் ஆடினால் வீல் நட்டு கழன்றுகொண்டிருக்கிறது. நிறுத்திவிட்டு வீல் ஸ்பானரால் எதிரெதிர் நட்டுகளாக முடுக்குங்கள். போல்ட்டோ ரிம்மிலுள்ள போல்ட் ஓட்டையோ தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

பிரேக் மிதித்தால் இரும்பும் இரும்பும் உரசும் கரகரப்பு, அதோடு பெடலும் கீழே இறங்குகிறது என்றால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

மூன்று சோதனைகள்

எந்தச் சத்தமாக இருந்தாலும் முதலில் தெரிய வேண்டியது, அது இன்ஜினின் வேகத்தோடு கூடுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு கூடுகிறதா, ரோட்டின் மேடு பள்ளத்தோடு வருகிறதா என்பதுதான்.

முதலாவதற்கு வண்டியை நகர்த்தவே வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, மெதுவாக 2,500 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வரை கொண்டு போங்கள். சத்தம் வந்தால் இன்ஜின், பெல்ட், சைலன்சர் பக்கம் தேட வேண்டும்.

நின்ற இடத்தில் வராத சத்தம் ஓடும்போது வருகிறதா? பின்னால் வண்டி இல்லாத நேரான ரோட்டில் 60 கி.மீ. வேகத்துக்குப் போய், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுச் சில நொடி கேளுங்கள். ஆர்பிஎம் இறங்கியும் சத்தம் அப்படியே தொடர்ந்தால் டயர், வீல் பேரிங், பிரேக் ஆகிய மூன்றில் ஒன்று. சாவியை மட்டும் தப்பித் தவறியும் ஆஃப் செய்யாதீர்கள். பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும், ஸ்டீயரிங் லாக் ஆகிவிடவும் கூடும்.

மூன்றாவது, மேடு பள்ளம் உள்ள ஒரு தெருவில் 15, 20 கி.மீ. வேகத்தில் ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு ஓட்டுவது. நீளமான காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஜன்னலை இறக்கிவிட்டுப் போனால், அந்தப் பக்கச் சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும். அப்புறம் எதிர்த் திசையில் வந்து மறுபக்கத்தைக் கேளுங்கள். இடமா வலமா என்று தெரியாமல் தடுமாறும்போது இது பெரிய உதவி.

ஸ்டார்ட் செய்யும்போது

சாவியைத் திருப்பினால் டட் டட் டட் என்று விடாமல் அடித்து, டாஷ்போர்டு விளக்குகளும் மங்கினால் பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது டெர்மினலில் வெள்ளைப் பூஞ்சையாக உப்புப் படிந்திருக்கிறது. விளக்கு பளிச்சென்று இருந்து ஒரே ஒரு டக் மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ அதன் சோலினாய்டையோ பார்க்க வேண்டும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு நொடி சலசலத்து அடங்குவதில் பயப்பட ஒன்றுமில்லை. கீழே இறங்கிய ஆயில் மேலே ஏறும் வரை அப்படித்தான் இருக்கும். அதுவே நான்கைந்து நொடி நீண்டு, நாளுக்கு நாள் கூடினால் டைமிங் செயினை (வால்வுகளை இன்ஜினோடு ஒத்து இயங்க வைக்கும் சங்கிலி) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைச் சந்தேகப்பட வேண்டும். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களிலும், பழைய 1.3 லிட்டர் டீசல் இன்ஜினிலும் இருப்பது செயின்தான். செயின் என்றால் ஆயுசுக்கும் தாங்கும் என்று நம்பி ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அழுக்கு ஆயில்தான் செயினையும் டென்ஷனரையும் தின்கிறது. முதலில் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். குறைந்த ஆயிலால் வரும் சத்தத்துக்கு இன்ஜின் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

ஸ்டார்ட் ஆனதும் டிக் டிக் என்று வந்து, இன்ஜின் சூடேறியதும் மறைந்துவிடுகிறதா? இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் இப்படி வரும். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால் சத்தம் நிற்கிறது. கசியும் இடத்தில் கறுப்பாகக் கரி படிந்திருக்கும். வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தமும் டிக் டிக்தான், ஆனால் அது வால்வு கவருக்கு அடியிலிருந்து வரும், கரித் தடம் இருக்காது.

நின்ற இடத்தில், இன்ஜின் ஓடும்போது

ஏசி போட்டதும், அல்லது ஈரமான காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் பெல்ட். பானெட்டைத் திறந்து, ஓடும் பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். துண்டு, துப்பட்டா, முந்தானை எதுவும் தொங்கக் கூடாது, கையைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டதும் சத்தம் நின்று, சற்று நேரத்தில் திரும்பி வந்தால் புல்லி ஏதோ ஒன்று நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் கீச்சல் கூடினால் பெல்ட் தொய்ந்திருக்கிறது, டென்ஷனரைப் பார்க்க வேண்டும். பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்ப்ரே அடிப்பது தீர்வு ஆகாது, தூசியைத்தான் ஒட்ட வைக்கும்.

கீச்சலாக இல்லாமல் கரகரவென்று ஒரே சீராகச் சுழலும் சத்தமாக இருந்தால் ஐட்லர் புல்லி, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஏதோ ஒரு பேரிங். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அந்தப் பாகத்தின் அசையாத உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். எந்தப் பேரிங் அரைக்கிறது என்பது உடனே தெரியும். பழக்கமில்லாதவர்கள் சுழலும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் ஜிர்ர் என்று தகரம் அதிர்ந்து, அதற்கு மேலோ கீழோ போனால் மறைகிற சத்தம் பெரும்பாலும் சைலன்சர் மேலிருக்கும் ஹீட் ஷீல்டு, அதாவது சூட்டைத் தடுக்கும் தகடு. துருப்பிடித்த போல்ட் விட்டிருக்கும். ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. சைலன்சர் ஆறிய பிறகு கையால் தட்டிப் பாருங்கள், அதே சத்தம் கேட்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தட்டும்போது உள்ளே ஏதோ உருளும் சத்தம் வந்தால் கதை வேறு. உள்ளிருக்கும் செராமிக் உடைந்திருக்கிறது, அது பெரிய செலவு.

வேகம் கூடக் கூட வரும் ஹும்ம்

அதிகம் தப்பாகக் கணிக்கப்படுவது இதுதான். 40 கி.மீ. வேகத்தில் மெல்லத் தொடங்கி, 80ல் பேச்சையே அமுக்கும் அளவுக்கு வரும். நியூட்ரலில் விட்டாலும் தொடரும். டயரா, பேரிங்கா?

ரோடு மாறும்போது கவனியுங்கள். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு ஏறும்போது சத்தத்தின் சுருதி மாறினால் டயர். ரோடு எதுவானாலும் ஒரே மாதிரி இருந்தால் பேரிங்.

அடுத்து, அகலமான காலி ரோட்டில் அதே வேகத்தில் லேசாக இடமும் வலமும் வளைந்து பாருங்கள். வலது பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடது சக்கரங்களுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகம். இடது பக்கம் வளையும்போது கூடினால் வலது. வளைவில் எந்த மாற்றமும் இல்லையென்றால் மறுபடி டயர் பக்கமே திரும்புங்கள்.

டயரைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளங்கையை டயரின் மேல் முன்னோக்கி ஒரு முறை, பின்னோக்கி ஒரு முறை, அப்புறம் குறுக்காகவும் தடவுங்கள். கம்பி வெளியே வந்திருக்கும் டயரில் இதைச் செய்யாதீர்கள், கையைக் கிழித்துவிடும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் பட்டைகளின் ஓரம் கையைத் தடுப்பதாகவும் இருந்தால் அலைன்மென்ட் விட்டுப்போயிருக்கிறது. மேடும் பள்ளமுமாகக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சர்பர் சக்கரத்தை ரோட்டில் பிடித்து வைக்கவில்லை. முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டதும் சத்தம் பின்னால் போனால் சந்தேகமே வேண்டாம்.

பேரிங்கை உறுதிசெய்ய எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, சந்தேகமுள்ள முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும், கியர் நியூட்ரலில். ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. ஒரு கையைச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் காயில் ஸ்பிரிங்கில் வைத்து, மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றுமே தெரியாது. தேய்ந்த பேரிங்கின் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாக விரல் நுனிக்கு வந்து குறுகுறுக்கும். காதுக்கு எட்டாத தேய்மானத்தைக்கூடக் கை பிடித்துவிடும். மறுபக்கச் சக்கரத்தையும் அதே மாதிரி தூக்கிப் பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும்.

தூக்கியிருக்கும்போதே சக்கரத்தைக் கடிகாரத்தில் 12ம் 6ம் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். 9, 3 இடங்களில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராடு எண்ட்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது

முழுசாக ஒடித்து யூ டர்ன் எடுக்கும்போது கடக் கடக் கடக் என்று சக்கரத்தோடு சேர்ந்து அடித்து, நேரானதும் நின்றுவிட்டால் ஆக்சிலின் வெளிப்புற சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பும்போதும் அதைச் சுற்றவிடும் மூட்டு. முன் சக்கரம் இழுக்கும் கார்களில்தான் இது வரும். நம் ஊரில் ஓடும் ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ20 எல்லாம் அந்த வகைதான். சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் கிழிந்து, ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் சிதறியிருக்கும். சத்தம் தொடங்கும் முன்பே கிழிசலைப் பார்த்துவிட்டால் பூட்டை மட்டும் மாற்றி, புது கிரீஸ் வைத்தால் போதும். சத்தம் வந்த பிறகு ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் பூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே டொய்ங் என்று ஸ்பிரிங் விடுபட்டுத் துள்ளினால் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்தால், சீராகத் திரும்பாமல் தேங்கித் தேங்கிக் குதிப்பது தெரியும்.

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் கடைசி வரை ஒடித்துப் பிடித்தால் வரும் ங்ங்ஈ சத்தம் இயல்பு. பாதி திருப்பும்போதே வந்தால் ஸ்டீயரிங் ஆயிலின் அளவைப் பாருங்கள்.

மேடு பள்ளத்தில்

முதலில் சொன்ன லிங்க் ராடு விஷயத்துக்கு வருகிறேன். முன் இரண்டு சக்கரங்களையும் ஒரு ஸ்டெபிலைசர் பார் இணைக்கிறது. அதை இரு முனையிலும் பிடித்திருப்பவை லிங்க் ராடுகள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் பாருக்கு வேலையே இல்லை. ஒன்று மட்டும் ஏறினால்தான் அது முறுகும், லிங்க் ராடில் விசை வரும். இதை வைத்தே பிரித்துவிடலாம். ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறும்போது அமைதி, ஒரு சக்கரம் மட்டும் சின்னப் பள்ளத்தில் இறங்கும்போது டக் டக் என்றால் லிங்க் ராடு. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஸ்பீடு பிரேக்கரிலிருந்து இறங்கும்போது தட்டென்று அடித்தால் ஷாக் அப்சர்பரும் ஸ்ட்ரட் மவுன்ட்டும். லிங்க் ராடு விலை குறைவு, அரை மணி நேர வேலை. அதனால் ஷாக் அப்சர்பரைப் பற்றி யார் பேசினாலும், முதலில் லிங்க் ராடைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

ஷாக் அப்சர்பரின் நிலையை அறிய வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். எழுந்து ஒரே ஆட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, அதன் உடம்பில் ஆயில் வழிந்து மண் அப்பியிருந்தாலோ மாற்றும் நேரம்தான். மாற்றினால் இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது ஒரு தட், மறுபடி கிளம்பும்போது ஒரு தட் என்றால் லோயர் ஆர்ம் புஷ். ரப்பர் வெடித்திருப்பது டார்ச் அடித்தாலே தெரியும்.

பிரேக் பிடிக்கும்போது

மழை பெய்த மறுநாளோ வண்டி கழுவிய மறுநாளோ முதல் இரண்டு மூன்று பிரேக்கில் சொரசொரவென்று வந்து நின்றுவிட்டால் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. விட்டுவிடலாம்.

மெல்லிய உயர்ந்த கீச்சல் வேறு. பல பிரேக் பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். ஓடும்போது கத்தி, பிரேக் மிதித்தால் நிற்பதும் உண்டு. அலாய் வீலின் இடைவெளி வழியாகப் பேடைப் பார்க்கலாம். 3 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றுங்கள். கீச்சலைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் அது கரகரப்பாக மாறும். அப்போது பேடின் இரும்புத் தகடே டிஸ்க்கைச் செதுக்குகிறது, டிஸ்க்கையும் சேர்த்து வாங்க வேண்டும்.

ஜல்லி ரோட்டில் போய் வந்ததும் திடீரென்று இடைவிடாமல் உரசினால் டிஸ்க்குக்கும் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தாலே சில நேரம் விழுந்துவிடும். இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி, தகட்டை லேசாக வளைத்து எடுக்க வேண்டும்.

பின் டிரம்மில் கீச்சல் என்றால் பெரும்பாலும் உள்ளே சேர்ந்த தூசி. சுத்தம் செய்கிறவர் ஏர் அடித்துப் பறக்கவிட்டால் தடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரத் துணியாலோ பிரேக் கிளீனராலோதான் எடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் பையன்தான் முதலில் அதைச் சுவாசிப்பான்.

கிளட்ச், கியர், ஆக்சிலரேட்டர்

நியூட்ரலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறதா, மிதித்தால் நிற்கிறதா? மிதித்தால் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், இறக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கிளட்சை விட்டதும் ஒரு தட், கியர் லிவரும் துள்ளுகிறது என்றால் இன்ஜின் மவுன்ட். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி பின் சக்கரம் தள்ளும் வண்டிகளில் கியர் விழுந்ததும் அடியில் டக்கென்றால் கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ ஜாயின்ட் கிராஸையும் பார்க்க வேண்டும்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மூன்றாவது கியரிலேயே முழுசாக மிதித்தால், சில்லறையைக் குலுக்கும் சத்தம் இன்ஜினிலிருந்து வரும். பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக எரிகிறது. கியரைக் குறைத்ததும் நின்றால் பழுது இல்லை, ஓட்டும் விதத்தை மாற்றினால் சரி. சமதளத்திலும் வந்தால் கரி படிந்த இன்ஜின், தவறான பிளக், அதிகச் சூடு என்று தேட வேண்டியிருக்கும்.

காரணமே இல்லாமல் பயமுறுத்துபவை

ரிவர்ஸ் கியரில் வரும் ஊளை இயல்பு. பல கியர்பாக்ஸ்களில் அந்தப் பல்சக்கரம் மட்டும் நேராக வெட்டப்பட்டது. இன்ஜினை அணைத்த பிறகு டிங் டிங் என்பது ஆறும் சைலன்சர். திடீர் பிரேக்கில் பெடல் அதிர்ந்து கரகரத்தால் ஏபிஎஸ் வேலை செய்கிறது, காலை எடுக்காமல் அழுத்தியே பிடியுங்கள். ஏசி புளோயரில் பட பட என்றால் சருகு, அல்லது எலி கொண்டு வந்து வைத்த காகிதம். டிக்கியில் லொட லொட என்றால் முதலில் ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் இறுக்குங்கள், கதவுப் பையிலுள்ள பாட்டிலை எடுத்துவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில்

சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொண்டு போங்கள். இன்ஜின் சூடா குளிர்ச்சியா, எந்த வேகம், எந்தக் கியர், எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வரும் ரோட்டிலேயே ஓட்டிக் காட்டுங்கள். "இந்தப் பார்ட்தான்னு எதை வெச்சு சொல்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், சக்கரத்தை ஆட்டியே காட்டுவார். வேலை முடிந்ததும் பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காசு கொடுப்பதற்கு முன் அதே ரோட்டில், அதே வேகத்தில், ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.